கடைசி வீட்டு வெந்நீர்

வெந்நீரக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று சொல்பவர்கள் அவளைச் சரியாகப் பார்த்ததில்லை. மூக்கு நுனியில் இருந்தால் கிளம்பி வரக் கொஞ்ச நேரமாவது ஆகும். அவளுக்கு அந்த நேரமும் ஆகாது. கதவைத் திறந்ததும் ஏன் தாமதம் என்று கேட்ட எத்தனையோ வீட்டுக்காரர்கள், அவள் வேலையை முடித்துப் போகும்வரை சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி ஓரமாக நின்றிருக்கிறார்கள். ஆனால் வேலை சுத்தம். திட்டு வாங்கினவர்களே அடுத்த தடவையும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு கோபத்தில்தான். முப்பது வயதுவரை ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அங்கே தண்ணீர் காய்ச்சும் இயந்திரம் நின்றுபோனது. வந்த மெக்கானிக் நாலு மணி நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பப் பார்த்தார். எந்த இடத்தில் கம்பி கருகியிருக்கிறது என்று அவள் மோந்து பார்த்தே காட்டிக் கொடுத்தாள். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டது மெக்கானிக்கை. அவளிடம், சட்டைகள் அப்படியே கிடக்கிறதே என்றார். அடுத்த வாரமே மாலை நேரப் பயிற்சிப் பள்ளியில் பெயர் கொடுத்தாள். முப்பத்தைந்தாவது வயதில் கையில் உரிமம் வந்தது. கணவர் குழாய் வேலைக்காரர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர்போல இருப்பார். அவர் குழாயைப் பார்த்துக்கொள்ள, இவள் கம்பியையும் பேச்சையும் பார்த்துக்கொண்டாள்.

வெந்நீரக்கா என்ற பெயர் ஹீட் பம்ப் கீசர் வந்த பிறகு ஒட்டிக்கொண்டது. நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில், குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கும் குறுகலான அறைகளில், ஆள் உயரத்துக்கு நாற்பத்தெட்டு கீசர்களை அவளும் கணவரும்தான் நிறுத்தினார்கள். வீட்டுக்கு வீடு அது என்ன, அது என்ன என்று கேட்டார்கள். ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்டமாதிரி என்பாள். ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. இது வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. மெதுவாகத்தான் சூடாகும், ஆனால் மின்சாரம் மூன்றில் ஒரு பங்குதான். அவசரத்துக்கு உள்ளே பழைய கீசரில் இருப்பதுபோல காயில் என்கிற ஒரு கம்பிச்சுருளும் உண்டு. அது பட்டென்று சூடாக்கும், மின்சாரத்தையும் பட்டென்று குடிக்கும். இரண்டில் எது எப்போது ஓட வேண்டும் என்பதைச் சரியாக வைத்துக் கொடுப்பதுதான் வேலையே, மற்றதெல்லாம் திருகாணி முடுக்குவது என்று சொல்வாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் தெரியும்.

ஐந்து வருடம் ஒரு குறையும் இல்லை. இந்த வருடக் குளிர்காலத்துக்கு முன்னால் குடியிருப்புச் சங்கத்தார் ஒவ்வொரு கீசரிலும் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார்கள். எந்த வீட்டுக் கீசர் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று அந்தப் பெட்டி எண்ணும். சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பதுவரை, மின்சாரத்துக்கு அடிதடியாக இருக்கும் நேரத்தில், எல்லாக் கீசரையும் வெளியிலிருந்தே நிறுத்தி வைக்கவும் செய்யும். இந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவள் வேறு யாரும் இல்லை, வெந்நீரக்காவின் நாத்தனார். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கீசரைப் பற்றி என்ன தெரியும் என்பது அண்ணியின் கட்சி. கீசர் முன்னால் நின்றுகொண்டு கத்துவதால் மட்டும் என்ன தெரிந்துவிடும் என்பது நாத்தனாரின் கட்சி.

பெட்டி மாட்டிய முதல் மாதமே சங்கத்தின் செயலாளர் ஒரு பட்டியலைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். எல்லா வீடும் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட், மிஞ்சினால் மூன்று. மூன்றாம் மாடிக் கடைசி வீடு மட்டும் ஏழு. அதைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். அந்த வீட்டில் இருந்தது ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநரும் அவர் மனைவியும். எல்லாருக்கும் அவர் பஸ்காரர். மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வருடமாகப் படுக்கை. வலது பக்கம் அசையாது, பேச்சு ஒன்றிரண்டு சொல்லோடு சரி. துடைப்பது, திருப்பிப் போடுவது, துணி அலசுவது எல்லாம் பஸ்காரர்தான்.

செயலாளர் வெந்நீரக்காவைக் கூப்பிட்டு, இயந்திரத்தில் கோளாறா, ஆட்களிடத்தில் கோளாறா என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவள் போனாள். மின்விசிறி சுற்றியது. வடிகட்டி சுத்தம். வாயு அழுத்தம் சரி. உள்ளே மெக்கானிக்குகள் மட்டும் போகிற செட்டிங் பக்கத்தை அவள் திறந்து பார்க்கவில்லை. அதை வைத்தது அவளாயிற்றே, அதில் என்ன தப்பு இருந்துவிடப் போகிறது. அதனால் பஸ்காரர் பக்கம் திரும்பினாள்.

இது காற்றிலிருந்து துளித்துளியாகச் சூட்டைச் சேர்க்கிற இயந்திரம், குழாயைத் திறந்து விட்டுவிட்டு ஊர்க்கதை பேசினால் யார் காலில் விழுந்து மின்சாரம் வாங்குவது, நாலு வீடு சேர்ந்து மிச்சம் பிடிப்பதை நீங்கள் ஒரே ஆளாகக் கொட்டுகிறீர்கள் என்று பதினைந்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். வாசல் கதவு திறந்தே இருந்தது. எதிர்வீட்டுக்காரி வெளியே வந்து நின்று கேட்டாள்.

"நாங்க அவ்வளவு செலவழிக்கலம்மா," என்றார் பஸ்காரர். எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். இயந்திரத்தில் பழுதில்லை, உபயோகம் மிகை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு சங்கத்தார் அந்த வீட்டுக் கீசருக்குப் பூட்டுப் போட்டார்கள். இனிமேல் அது காலை ஐந்து மணி முதல் ஆறு மணிவரை மட்டும்தான் ஓடும். நாற்பத்தெட்டு வீட்டில் ஒரு வீட்டுக்கு மட்டும் இந்தத் தண்டனை.

ஒரு மாதம் கழித்து நாத்தனார் போன் செய்தாள். வழக்கமாகக் குடும்ப விசேஷம் என்றால்கூட அண்ணனிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறவள்.

"அண்ணி, அந்தக் கடைசி வீட்டுக் கீசர் ஒரு மணி நேரத்துல மூணு யூனிட் இழுக்குது," என்றாள். "ஹீட் பம்ப் ஓடினா அரை யூனிட்டுக்கு மேல ஏற வழியே இல்ல. அங்க தெனமும் காயில்தான் ஓடுது. இத்தனை நாளா நாள் கணக்கை மட்டும் பார்த்துட்டு விட்டுட்டேன். நேத்துதான் மணிக்கணக்கைப் பிரிச்சுப் பார்த்தேன்."

வெந்நீரக்காவுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. நான் கையெழுத்துப் போட்ட இயந்திரத்தில் நீ யார் குற்றம் கண்டுபிடிக்க என்று ஆரம்பித்து, உன் பெட்டிக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்பதுவரை போனாள். நாத்தனார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். போய்ப் பாருங்கள் அண்ணி என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். எதிர்த்துப் பேசியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, அந்தப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய் அவள் மேஜைமேல் போடாவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று கணவரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மதியம் மூன்று மணி. பஸ்காரர் கதவைத் திறந்து, யார் என்று பார்த்து விலகி நின்றார். இடது பாதத்தில் கட்டுப் போட்டிருந்தார். வீட்டில் கிருமிநாசினி வாடை. அவள் கீசர் அறைக்குள் போய், இரண்டு பொத்தான்களைச் சேர்த்து ஐந்து விநாடி அழுத்தி, செட்டிங் பக்கத்தைத் திறந்தாள்.

தண்ணீரின் சூடு எத்தனை டிகிரி இறங்கினால் காயில் துணைக்கு வர வேண்டும் என்று அங்கே ஒரு எண் இருக்கும். தயாரிப்பாளர் வைத்து அனுப்புவது பதினைந்து. அதில் மூன்று என்று இருந்தது.

மூன்று டிகிரி என்றால் ஒரு வாளி தண்ணீர் பிடித்தாலே இறங்கிவிடும். ஹீட் பம்ப் மூச்சு விட்டுக் கிளம்புவதற்குள் காயில் பாய்ந்து வந்துவிடும். சாயங்காலம் நாலு மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு ஒன்பது மணிக்குத் திறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மணி நேரம் என்று பூட்டிவிட்டால் அந்த ஒரு மணி நேரம் முழுக்கக் காயில்தான். மிச்சம் பிடிக்கப் போட்ட பூட்டே அந்த ஒரு மணி நேரமும் மின்சாரத்தைக் கொட்ட வைத்திருந்தது.

எவன் இதை வைத்தவன் என்று வாய்வரை வந்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, எவனும் இல்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால், கீசர் மாட்டிய முதல் குளிர்காலம். பஸ்காரர் ஒரே வாரத்தில் மூன்று தடவை போன் செய்தார். மனைவியை மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் கூட்டி வந்திருந்தார். தண்ணீர் சூடாகத் தாமதமாகிறது, கொஞ்சம் பாருங்கள் என்பார். மூன்றாவது போன் வந்தது ஞாயிற்றுக்கிழமை. அவள் வெந்துகொண்டு வந்தாள். பதினைந்தை மூன்றாக்கினாள். தொழிலில் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. மூன்றில் வைத்துவிட்டால் போன் வராது என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். மாற்றியதைக் கீசரின்மேல் ஒட்டியிருக்கும் அட்டையில் எழுத வேண்டும். எழுதினால் கேள்வி வரும் என்று எழுதவில்லை. சொன்னபடியே பஸ்காரரின் போனும் அதற்குப் பிறகு வரவில்லை. அவர் வாயை அடைத்தாயிற்று என்று மறந்தும் போனாள்.

அவள் விரல் பொத்தானின்மேல் இருந்தது. பத்து விநாடி வேலை. பதினைந்தாக மாற்றிவிட்டு, பெட்டியில் ஏதோ தூசி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நாளைக்கே யூனிட் இறங்கிவிடும். பூட்டுப் போட்டதால்தான் இறங்கியது என்று செயலாளர் மீசையை முறுக்குவார். நாத்தனாருக்குச் சந்தேகம் இருக்கலாம், ஆனால் ஆதாரம் இருக்காது. யாருக்கும் தெரியப் போவதில்லை. இப்படியெல்லாம் கணக்குப் போடுகிற தன்மேல் அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது இருபது வருடத்தில் எந்த வீட்டுக்காரர்மேலும் வந்ததில்லை. வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் ஒரு மனிதரைத் திட்டினோமே என்று நினைக்க நினைக்கக் காது சுட்டது.

"கால்ல என்னங்க ஐயா?" என்றாள், திரும்பாமலே.

பஸ்காரர் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். காலையில் சூடாகும் தண்ணீர் மனைவியைக் குளிப்பாட்டி, படுக்கைத் துணியை அலசுவதற்குள் எட்டு மணிக்கே தீர்ந்துவிடுகிறது. சாயங்காலம் ஒரு தடவை துடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். முதல் வாரம் அடுப்பில் காய்ச்சித் தூக்கிக்கொண்டு வந்தார். கை நடுக்கத்தில் பாத்திரம் நழுவிக் காலில் கொட்டிவிட்டது. அதிலிருந்து பச்சைத் தண்ணீரில்தான் துடைக்கிறார்.

வெந்நீரக்கா எழுந்து அவர் முகத்துக்கு நேராக நின்றாள்.

"தப்பு உங்க மேல இல்லங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதுல ஒரு செட்டிங்கை மாத்தினேன். நீங்க போன் பண்ணக்கூடாதுன்னு மாத்தினேன். அதனாலதான் இவ்வளவு இழுத்திருக்கு. அது தெரியாம உங்களைத் திட்டினேன், கையெழுத்தும் போட்டேன்."

மன்னித்து விடுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தால் அது நடக்கவில்லை. பஸ்காரருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஒரு பயணியிடம்கூடக் கை நீட்டிப் பேசாத மனிதர், சுவரை ஓங்கி அறைந்தார்.

"படிக்கட்டுல என்னைப் பார்த்தா சின்னப் பசங்ககூட 'ஏழு யூனிட்'னு சொல்றாங்க. அது போகட்டும். குளிர்ந்த துணி பட்டதிலிருந்து அவ என்னைத் தொட விடமாட்டேங்கறா. நான் சலிச்சுப்போய், வேணும்னே பச்சைத் தண்ணியில துடைக்கிறேன்னு நினைச்சுட்டா. எவ்வளவோ சொன்னேன், நம்பல. கையைத் தட்டி விடறா. இருபது நாளா என் முகத்தைப் பார்க்கல." மூச்சு வாங்கியது அவருக்கு. "நீ எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? கீழ போய் அவங்ககிட்ட சொல்லு. அப்புறம் இவகிட்ட வந்து சொல்லு."

அவள் செட்டிங்கில் பதினைந்தை வைத்தாள். நாத்தனாருக்குப் போன் செய்தாள். நீ சொன்னது சரி, தப்பு என்னுடையது என்றாள். பூட்டை எடுத்துவிடு, இன்றைக்கு மட்டும் சாயங்கால நிறுத்தமும் இந்த வீட்டுக்கு வேண்டாம், காயிலே ஓடட்டும், சீக்கிரம் சூடாக வேண்டும் என்றாள். நாத்தனார் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. சரி அண்ணி என்றாள்.

செயலாளர் கீழ்த்தளத்து அறையில் இருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார். அவருக்கு இப்போது பஸ்காரரைப் பற்றிக் கவலை இல்லை, பட்டியலை ஒட்டிய தன்னைப் பற்றித்தான் கவலை. சரிசெய்தாகிவிட்டதல்லவா, பூட்டையும் எடுத்தாகிவிட்டது, அடுத்த மாதம் பட்டியலில் எண் தானாக இறங்கிவிடும், இதைப் போய் எதற்குத் தம்பட்டம் அடிக்க வேண்டும் என்றார். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், விஷயம் வெளியே தெரிந்தால் மற்ற நாற்பத்தேழு வீட்டுக்காரர்களும் சந்தேகப்படுவார்கள், அப்புறம் இங்கே உங்களுக்கு வேலை கொடுக்க முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

"வட்டம் போட்டப்ப கதவைச் சாத்திக்கிட்டா சார் போட்டீங்க?" என்றாள் வெந்நீரக்கா.

அவர் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை அவளே எடுத்துக்கொண்டாள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் வேலை விட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் வட்டத்துக்குக் கீழே, இந்த வீட்டார் அதிகமாக எதையும் செலவழிக்கவில்லை, கீசரில் செட்டிங்கை மாற்றி வைத்துவிட்டு அவர்கள்மேல் பழி போட்டவள் நான் என்று எழுதித் தன் முழுப் பெயரையும் உரிம எண்ணையும் போட்டாள். எதிர்வீட்டுக்காரி நின்று படித்தாள். அன்றைக்குப் பதினைந்து நிமிடம் கேட்டீர்களே, இதையும் சத்தமாகப் படியுங்கள் என்றாள் வெந்நீரக்கா. அவள் படித்தாள். செயலாளர் தன் அறைக் கதவருகே நின்றுகொண்டு, நாளையிலிருந்து நீங்கள் வர வேண்டியதில்லை என்றார். மற்ற வீடுகளின் செட்டிங்கையும் யாரையாவது வைத்து ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் மாடி ஏறினாள். நாற்பத்தெட்டு கீசர் கையை விட்டுப் போயிற்று. இருந்தாலும் நிற்கவில்லை.

தண்ணீர் சூடாகியிருந்தது. குழாயைத் திறந்து, முழங்கையில் ஊற்றிப் பார்த்து, பச்சைத் தண்ணீர் கலந்து பதமாக்கி வாளியைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். பஸ்காரர் அறைக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அந்த அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மெலிந்து போயிருந்தாலும் தலை சீவி, நெற்றி துடைத்து, துணி கசங்காமல் இருந்தார். யாரோ ஒருவர் நாள் தவறாமல் பார்த்துக்கொள்கிற உடம்பு அது என்று பார்த்ததும் தெரிந்தது. வெந்நீரக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அவர் வேணும்னு பச்சைத் தண்ணியில துடைக்கலம்மா. சுடுதண்ணி வராம பண்ணினது நான். அவர் காய்ச்சித் தூக்கிட்டு வரும்போது காலைச் சுட்டுக்கிட்டாரு. அதுக்கும் நான்தான் காரணம்."

அந்த அம்மா திரும்பவில்லை. காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. வெந்நீரக்கா துணியை வாளியில் நனைத்துப் பிழிந்து, அசையாத அந்த வலது கையை விட்டுவிட்டு, இடது கையின்மேல் வைத்தாள். துணியிலிருந்து ஆவி எழுந்தது.

கை முதலில் வெடுக்கென்று பின்னால் போனது. பிறகு நின்றது. விரல்கள் துணியைத் தடவிப் பார்த்தன, அதன் சூட்டைப் பிடித்துக்கொண்டன. அந்த அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி வெந்நீரக்காவைப் பார்த்தார். பார்வையில் ஒரு துளி இரக்கம் இல்லை. எவளடி நீ எங்கள் நடுவில் என்று கேட்கிற பார்வை. அதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை.

அந்த அம்மா துணியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். உதடுகள் நெடுநேரம் சொல்லைத் தேடின.

"நீ வேண்டாம்," என்றார். "அவரைக் கூப்பிடு."

வெந்நீரக்கா எழுந்து வெளியே வந்து பஸ்காரரிடம், உங்களைக் கூப்பிடுகிறார் என்றாள். அவர் கட்டுப் போட்ட காலோடு உள்ளே ஓடினார்.